அப்டேட் நடுவுல "ஃபைல் கான்ஃப்ளிக்ட்": வடசென்னை லினக்ஸ் மக்கள் அடிக்கடி கேக்குற கேள்விங்க

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில இருந்து வியாசர்பாடி காலேஜ் பசங்க வரைக்கும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி உபுண்டு, மின்ட்னு போட்டு ஓட்டுறவங்க நம்ம பக்கம் நிறைய பேர், அப்பப்ப எல்லாரும் ஒரே எரரை வெவ்வேற கோணத்துல போட்டோ எடுத்து அனுப்புறாங்க, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு. கட்டளைங்கள உச்சரிப்புலதான் எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, "பெரிய எஸ்"னு சொன்னா அந்த எழுத்து மட்டும் கேப்பிட்டல்.

"ட்ரையிங் டு ஓவர்ரைட், விச் இஸ் ஆல்சோ இன் பேக்கேஜ்"னு வருதுண்ணா. இன்னா சொல்லுது இது?

ரெண்டு பேக்கேஜ் ஒரே ஃபைல "என்னுது"ன்னு சொல்லுது. பேக்கேஜ்னா வெறும் ஃபைல் மூட்டை இல்லபா, உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் எந்தப் பாதையில போய் உக்காரும்னு கணக்கும் கூடவே வரும், இன்ஸ்டால் ஆனதும் சிஸ்டம் அந்தக் கணக்க எழுதி வச்சுக்கும். இப்ப புதுசா ஒரு பேக்கேஜ் வந்து ஏற்கனவே இன்னொருத்தன் பேர்ல இருக்கிற பாதையில எழுதப் பாக்குது, ஒரே மனைக்கு ரெண்டு பேர் பத்திரத்தோட வந்து நின்னா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நிறுத்தி வைக்கிற மாதிரி டிபிகேஜி (உபுண்டு வகையில பேக்கேஜ பிரிச்சு ஏத்துற புரோகிராம்) நிறுத்தி வைக்குது. அது கெட்டுப் போகல, வேலையத்தான் செய்யுது.

அந்த வரியில மூணு விஷயம் இருக்கும்: எந்த ஃபைலு, இப்ப அது எந்த பேக்கேஜ்கிட்ட இருக்கு (பக்கத்துலயே வெர்ஷன் நம்பர்), எந்த பேக்கேஜ் மேல எழுதப் பாத்துச்சு. இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, மிச்சம் ஓடுற வரியெல்லாம் பெரும்பாலும் இதோட எதிரொலிதான்.

ஐயோ, சிஸ்டம் போச்சா? ரீஸ்டார்ட் பண்ணலாமா?

எந்த லினக்ஸ்னு பாக்கணும். ஆர்ச், மஞ்சாரோல பேக்மேன் (அங்க பேக்கேஜ் ஏத்துற புரோகிராம்) எதையும் தொடுறதுக்கு முன்னாடியே மொத்த லிஸ்ட்டையும் சரி பாக்கும், ஒரு ஃபைல் இடிச்சாலும் "நோ பேக்கேஜஸ் வேர் அப்கிரேடட்"னு சொல்லிட்டு அப்படியே விட்டுடும், அதனால சிஸ்டம் நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும், பயமில்ல. ஃபெடோராவும் அதே கதைதான், முதல்ல ஒரு ஒத்திகை பாத்துட்டுதான் இறங்கும்.

உபுண்டு, டெபியன், மின்ட் அப்படி இல்ல. அங்க டிபிகேஜி ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டுக்கிட்டே போகும், ஏழாவதுல இடிச்சுதுன்னா முதல் ஆறும் ஏற்கனவே பிரிச்சாச்சு, ஆனா கான்ஃபிகர் ஆகாம பாதியில நிக்கும். இடிச்ச அந்த ஒரு பேக்கேஜ மட்டும் பழைய நிலைக்குத் திருப்பிடும், மத்தது அந்தரத்துல. அந்த அந்தரத்துல இருக்கிற லிஸ்ட்ல கெர்னலோ சிஸ்டம்டியோ லிப்சியோ (மூணுமே சிஸ்டத்தோட அஸ்திவாரம்) இருந்தா ரீஸ்டார்ட் பண்ணி திரும்பி வரலன்னா அழ வேண்டியதுதான், அதனால உபுண்டுக்காரங்க முதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் ரீஸ்டார்ட். லேப்டாப்ப சார்ஜர்ல போட்டு வச்சுட்டு உக்காருங்க.

நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா அப்டேட்தான் குடுத்தேன், எப்படி வந்துச்சு?

இத சொல்லாதவங்களே இல்ல. சில சமயம் உண்மைதான், பேக்கேஜ் செஞ்சவங்க தப்பு. ஒரு ஃபைல "அ"ங்கிற பேக்கேஜ்ல இருந்து "ஆ"ங்கிற பேக்கேஜுக்கு மாத்துறாங்கன்னு வைங்க, அப்ப "ஆ"வோட கன்ட்ரோல் ஃபைல்ல "அ-வோட இந்த வெர்ஷனுக்கு முந்தினத நான் ரீப்ளேஸ் பண்றேன், ப்ரேக்கும் பண்றேன்"னு ரெண்டு வரி எழுதணும், டெபியன் பாலிசியிலயே இருக்கு. அத எழுத மறந்துட்டா புது "ஆ" வர்றப்ப பழைய "அ" இன்னும் உள்ளயே உக்காந்திருக்கும், இடிக்கும். டெபியன்ல இதெல்லாம் ரிலீஸையே நிறுத்துற அளவு சீரியஸ் பக் கணக்கு.

ஆனா பாதிக்கு மேல நம்ம சிஸ்டம்ல நாமளே பண்ணதுதான். எவனோ யூட்யூப்ல சொன்னான்னு நாலு பிபிஏ (உபுண்டுக்கு வெளியாளுங்க நடத்துற பேக்கேஜ் கிடங்கு) சேத்திருப்பீங்க, அதுல ஒண்ணு ஒரிஜினல் பேக்கேஜுக்கே வேற பேர் வச்சு அதே ஃபைலுங்கள குடுக்கும். இல்லன்னா சைட்ல இருந்து டெப் ஃபைல (உபுண்டு வகையோட பேக்கேஜ் ஃபைல்) டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக். இல்ல, வேற வெர்ஷன் உபுண்டுவோட டெப். 24.04-க்கு ஏறினவங்க நிறைய பேர் இதுல மாட்டுறாங்க, ஏன்னா 2038-ல 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிடும்னு டெபியனும் உபுண்டுவும் 2024-ல நிறைய லைப்ரரிக்கு பேரோட கடைசியில டி64 ஒட்டி மாத்துனாங்க, லிப்எஸ்எஸ்எல்3-ன்னு இருந்தது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆச்சு, உள்ள இருக்கிற ஃபைல் பேரு அதேதான். இப்ப 22.04-ல இருந்து பழைய லிப்எஸ்எஸ்எல்3 டெப்ப எடுத்து வந்து 24.04-ல திணிச்சா சண்டை வராம இன்னா வரும்?

சரி, ஃபைல் யாருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மொத்த வேலையும் இதுலதான் இருக்கு, இத செஞ்சுட்டா மிச்சம் தானா தெரியும், இத செய்யாம எந்த ஆப்ஷனும் போடாதீங்க.

உபுண்டு வகையறாவுல டிபிகேஜி, ஒரு கோடு (ஹைஃபன்), பெரிய எஸ், அப்புறம் ஃபைலோட முழுப் பாதை. ஃபெடோராவுல ஆர்பிஎம், கோடு, க்யூஎஃப். ஆர்ச்ல பேக்மேன், கோடு, பெரிய க்யூ சின்ன ஓ. பேர் வந்தா அதுதான் சொந்தக்காரன்.

"நோ பாத் ஃபவுண்ட்"னு வந்தா உடனே அனாதை ஃபைல்னு முடிவு பண்ணாதீங்க. இப்பல்லாம் மேல இருக்கிற லிப் ஃபோல்டர் தனி ஃபோல்டர் இல்ல, யூஎஸ்ஆருக்குள்ள இருக்கிற லிப்புக்கு ஒரு சிம்லிங்க் (ஷார்ட்கட் மாதிரி) அவ்ளோதான், "பின்"ங்கிற ஃபோல்டரும் அப்படியே (டெபியன் 12-ல இது கட்டாயமாவே ஆயிடுச்சு). ஆனா பழைய பேக்கேஜ் தன் கணக்குல யூஎஸ்ஆர் இல்லாம வெறும் லிப்புன்னு எழுதியிருக்கலாம், அதனால யூஎஸ்ஆர் வச்சு ஒரு தடவ, வைக்காம ஒரு தடவ, ரெண்டு விதமாவும் தேடுங்க. இன்ஸ்டால் ஆகாத பேக்கேஜ்லயும் தேடணும்னா ஆப்ட்-ஃபைல்னு ஒரு டூல் இருக்கு, போட்டு ஒரு தடவ அப்டேட் குடுத்துட்டு சர்ச் பண்ணா ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) முழுக்க தேடிக் குடுக்கும்.

உபுண்டுல படிப்படியா சொல்லுங்கண்ணே, கடையில கஸ்டமர் நிக்கிறாங்க.

கஸ்டமர மொதல்ல உக்கார வைங்க.

முதல்ல "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்". நிறைய தடவ இதுவே போதும், ஏன்னா மேல சொன்ன "அ", "ஆ" கதையில "அ"வோட புது வெர்ஷனும் வரிசையில பின்னாடி நின்னுட்டிருக்கும், அது ஏறினதும் ஃபைல விட்டுக் குடுத்துடும், அப்புறம் "ஆ" சண்டையில்லாம ஏறிடும். ரெண்டாவது தடவையும் அடிச்சுப் பாருங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அப்பவும் அதே ஃபைல்ல இடிச்சா, ஃபைல இப்ப வச்சிருக்கிறவன் யாருன்னு பாருங்க. அது தேவையில்லாத பிபிஏ பேக்கேஜோ பழைய வெர்ஷனோ ஆனா அத ரிமூவ் பண்றதுதான் சுத்தமான வழி. ஆனா ரிமூவ் குடுத்ததும் ஆப்ட் காட்டுற லிஸ்ட்ட படிக்காம ஒய் அடிக்காதீங்க. ஒரு சின்ன லைப்ரரிய எடுக்கப் போய் மொத்த டெஸ்க்டாப்பும் கெளம்புற லிஸ்ட் அதுலதான் இருக்கும், உபுண்டு-டெஸ்க்டாப்புன்னோ சினமன்னோ பாத்தீங்கன்னா கைய எடுத்துடுங்க.

எடுக்கவும் முடியாது, ரெண்டும் வேணும், ரெண்டும் அதே டிஸ்ட்ரோவோட (உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகை) ரெப்போவுல இருந்து வந்ததுன்னு உறுதியா தெரியும்னா மட்டும் ஃபோர்ஸ். வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் இந்த ஃபோல்டர் வரிசையில போனா டவுன்லோட் ஆன டெப் அங்கயே இருக்கும், "சூடோ டிபிகேஜி -ஐ --ஃபோர்ஸ்-ஓவர்ரைட்" போட்டு அந்த ஒரே ஒரு டெப் பேர குடுங்க, நட்சத்திரக் குறி போட்டு மொத்தத்தையும் குடுக்காதீங்க. அப்புறம் திரும்ப ஃபிக்ஸ்-ப்ரோக்கன், கடைசியா ஃபுல்-அப்கிரேட். இதுக்கு முன்னாடி "ஆப்ட் க்ளீன்" அடிச்சுடாதீங்க, அந்த ஆர்கைவ்ஸ காலி பண்ணிடும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறவங்க அன்னிக்கு டேட்டா முழுக்க மறுபடி டவுன்லோடுக்கே போயிடும்.

எல்லாரும் ஃபோர்ஸ் போடுன்னுதான் சொல்றாங்க, நீ மட்டும் ஏன்பா பயமுறுத்துற?

ஃபோர்ஸ் போட்டதும் எரர் போயிடும், பிரச்சனை போகாது. ஃபைல் மேல எழுதியாச்சு, சொந்தம் புது பேக்கேஜுக்கு மாறியாச்சு, பழைய பேக்கேஜ் தன் ஃபைல் வேறவன் கையில இருக்கிறதோட ஓடும், உள்ள இருக்கிறது வேற வெர்ஷன்னா எங்கயோ ஒரு நாள் கவுரும். இன்னொண்ணு, ஆறு மாசம் கழிச்சு புது பேக்கேஜ தூக்கினா அந்த ஃபைலும் கூடவே போயிடும், பழைய பேக்கேஜ் இன்ஸ்டால் ஆனதாவே காட்டும், ஆனா ஓடாது. அப்படி ஆனா பழையத ரீஇன்ஸ்டால் பண்ணா ஃபைல் திரும்பி வரும், இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆர்ச்காரங்களுக்கு இதுல ஒரு பழைய அடி இருக்கு. 2012 ஜூலையில லிப் ஃபோல்டர சிம்லிங்க்கா மாத்துனாங்க, அப்டேட் குடுத்தா "லிப் எக்சிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்"னு நின்னுச்சு, ஃபோர்ஸ் போடாதீங்கன்னு அறிவிப்புலயே சொல்லியிருந்தாங்க, ஏன்னா அந்த இடத்துல ஃபோர்ஸ் போட்டா லிப்சியே கையில இருந்து போயிடும், ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கட்டளை கூட ஓடாது. 2018-ல வந்த பேக்மேன் 5.1-ல மொத்தமா அடிக்கிற ஃபோர்ஸுக்குப் பதிலா ஓவர்ரைட்னு ஒரு ஆப்ஷன் குடுத்தாங்க, எந்தப் பாதைன்னு நீங்க சொல்லியே ஆகணும். அதுலயும் நட்சத்திரக் குறி மட்டும் போட்டு மொத்தத்துக்கும் குடுக்கிற ஆளுங்கள பாத்திருக்கேன், அது பழைய ஃபோர்ஸேதான்.

மஞ்சாரோல "எக்சிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்"னு அம்பது வரி ஓடுது ப்ரோ, எல்லாம் பைத்தான் ஃபோல்டர்.

சூடோ போட்டு பிப்ல (பைத்தானோட சொந்த இன்ஸ்டாலர்) இன்ஸ்டால் பண்ணியிருக்கீங்க, சரியா? பிப் போட்ட ஃபைலுங்க பேக்மேன் கணக்குல இல்ல, ஆனா ஆர்ச்ல அது போய் விழுற ஃபோல்டர் பேக்மேன் எழுதுற அதே சைட்-பேக்கேஜஸ். அப்புறம் ஒரு நாள் வேற எதுக்கோ டிபென்டென்சியா அதே பைத்தான் லைப்ரரி பேக்மேன் வழியா வர்றப்ப "இங்க ஏற்கனவே யாரோ இருக்காங்க"ன்னு நிக்கும். பெரிய க்யூ சின்ன ஓ போட்டுப் பாருங்க, யாருக்கும் சொந்தமில்லன்னு வந்தா பிப் வழியாவே அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அப்டேட் குடுங்க, முடிஞ்சுது. இனிமே வீஎன்வி (பைத்தானுக்குன்னு ஒரு தனி ஃபோல்டர்) போட்டு அதுக்குள்ள பிப். இந்தத் தொல்லைக்காகத்தான் இப்பல்லாம் பிப்பே "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு சொல்லி மறுக்குது, அத மீறுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கும், பேர்லயே "ப்ரேக் சிஸ்டம்"னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல எப்படி சொல்றது.

பைத்தான் இல்லாம ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல என்விடியான்னு வந்தா அது வேற. 2025 ஜூன்ல லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ ஆர்ச்ல பல துண்டா பிரிச்சாங்க, என்விடியா ஃபைலுங்களோட சிம்லிங்க் அமைப்பும் மாறுச்சு, அத பேக்மேனால தானா கடக்க முடியல. ரொம்ப நாள் அப்டேட் பண்ணாத மெஷின்ல இன்னும் வரலாம். அவங்களே சொன்ன வழி: பெரிய ஆர், சின்ன டி ரெண்டு தடவ போட்டு லினக்ஸ்-ஃபர்ம்வேர தூக்கு, உடனே பெரிய எஸ், ஒய், யூ போட்டு லினக்ஸ்-ஃபர்ம்வேரோட சேத்து முழு அப்டேட். ரெண்டுக்கும் நடுவுல ரீபூட் மட்டும் பண்ணிடாதீங்க, வைஃபை ஃபர்ம்வேரும் அதோட போயிருக்கும்.

ஃபெடோராவுல?

ஆர்பிஎம் கொஞ்சம் பெருந்தன்மை. ரெண்டு பேக்கேஜ்லயும் ஒரே பாதையில இருக்கிற ஃபைல் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தா சண்டையே போடாது, வித்தியாசம் இருந்தாதான். அதிகமா வர்றது ஆர்பிஎம் ஃப்யூஷன் (ஃபெடோராவுக்கு வெளியாளுங்க நடத்துற ரெப்போ) சேத்ததுக்கு அப்புறம் வீடியோ, ஆடியோ ஓட்டுற எஃப்எஃப்எம்பெக் தகராறு, ஃபெடோரா குடுக்கிறது எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ, அவங்க குடுக்கிறது முழு எஃப்எஃப்எம்பெக். ஃபோர்ஸ் வேண்டாம், "டிஎன்எஃப் ஸ்வாப்"னு ஒரு கட்டளை இருக்கு, பழைய பேரு, புது பேரு, கூட "--அலவ்-இரேசிங்" சேத்து எழுதுங்க (ஆப்ஷன் பேர்ல நடுக்கோடு கிடையாது, ஒரே சொல்லா அடிக்கணும்), ஒரே மூச்சுல மாத்திடும்.

டிடிபி கடைங்க. தமிழ் ஃபான்ட் எல்லாம் யூஎஸ்ஆர் ஷேர் ஃபான்ட்ஸ்லதான் காப்பி பண்ணி வச்சிருக்கேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா சார்?

உண்டு, அதுவும் எரரே வராத மோசமான சம்பந்தம். பேக்மேன் யாருக்கும் சொந்தமில்லாத ஃபைல பாத்தா கத்தும். டிபிகேஜி கத்தாது. எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லாம நீங்க கையால வச்ச ஃபைல் இருக்கிற பாதையிலயே ஒரு பேக்கேஜ் வந்தா பேசாம மேல எழுதிட்டுப் போயிடும். நீங்க எடிட் பண்ணி வச்ச ஃபான்ட்டும் ரெப்போ ஃபான்ட்டும் ஒரே பாதை, ஒரே பேர்னா உங்களுது போச்சு, கல்யாணப் பத்திரிகை பாதி ப்ரூஃப்ல இருக்கிறப்ப எழுத்து அகலம் மாறி வரி உடையும். யூஎஸ்ஆர்ங்கிறது பேக்கேஜ் மேனேஜரோட இடம், நம்ம இடம் யூஎஸ்ஆருக்குள்ள லோக்கல்னு தனியா விட்டிருக்காங்க, லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ்ல வைங்க, இல்ல ஹோம் ஃபோல்டர்ல புள்ளி லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ், பேக்கேஜ் எதுவும் அங்க வந்து கை வைக்காது. சோர்ஸ்ல இருந்து தானே கம்பைல் பண்ணி "மேக் இன்ஸ்டால்" அடிக்கிறவங்களுக்கும் இதே பதில்தான், ப்ரிஃபிக்ஸ யூஎஸ்ஆர்னு மாத்தாதீங்க.

ஒயின் (விண்டோஸ் புரோகிராம லினக்ஸ்ல ஓட்டுறது) போடப் போனா "ஷேர்ட்... டிஃபரன்ட் ஃப்ரம் அதர் இன்ஸ்டன்சஸ்"னு வருது.

ஒரே லைப்ரரியோட 64 பிட்டும் 32 பிட்டும் ஒரே வெர்ஷன்ல இருக்கணும், அப்பதான் ரெண்டுக்கும் பொதுவான ஃபைலுங்க ஒத்துப் போகும். ஏதோ ஒரு பிபிஏ 64 பிட்டுக்கு மட்டும் புது வெர்ஷன் குடுத்திருக்கும். பிபிஏ-பர்ஜ்னு ஒரு டூல் இருக்கு, அந்த பிபிஏ பேக்கேஜ எல்லாம் உபுண்டுவோட சொந்த வெர்ஷனுக்கே இறக்கிடும், அப்புறம் ஒயின் போடுங்க. இங்க ஃபோர்ஸ் சுத்தமா வேண்டாம்.

மழையில கரண்ட் போயிடுச்சு, அப்டேட் பாதியில நின்னுச்சு, இப்ப எல்லாமே கான்ஃப்ளிக்ட்.

ஊருக்கே கரண்ட் தயார் பண்ற எண்ணூர் நம்ம ஏரியா, ஆனா டிசம்பர் மழைன்னா முதல்ல இருட்டுறதும் நாமதான். டெஸ்க்டாப்ல யூபிஎஸ் இல்லாம அப்கிரேட் குடுக்கிற பழக்கத்த விடுங்க.

உபுண்டுன்னா முதல்ல "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அப்புறம் ஃபிக்ஸ்-ப்ரோக்கன். லாக் ஃபைல தேடிப் போய் அழிக்காதீங்க, அந்த லாக்க பிடிச்சிருக்கிற ப்ராசஸ் செத்தா லாக்கும் போயிடும், இன்னும் லாக்னு வந்தா பின்னாடி தானியங்கி அப்டேட் ஓடிட்டிருக்கும், ஒரு டீ சாப்ட்டு வாங்க. பேக்மேன் வேற மாதிரி, அதோட லாக் ஃபைல் கரண்ட் போனா அப்படியே தங்கிடும், பேக்மேன் ஓடலன்னு நிச்சயம் பண்ணிட்டு அழிக்கலாம். ஆர்ச்ல இன்னொரு சிக்கல், ஃபைல் டிஸ்க்ல எழுதியாச்சு ஆனா கணக்குல ஏறுறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா அதே பேக்கேஜோட சொந்த ஃபைலே "எக்சிஸ்ட்ஸ்"னு இடிக்கும். ஓவர்ரைட் ஆப்ஷன தைரியமா போடக்கூடிய இடம் இதுதான், அந்த பேக்கேஜுக்கு, அந்தப் பாதைக்கு மட்டும்.

"கான்ஃபிகரேஷன் ஃபைல், ஒய், என், டி"ன்னு கேக்குதே, அதுவும் கான்ஃப்ளிக்ட்தானா?

இல்ல. அது எடிசி ஃபோல்டர்ல நீங்க மாத்தின செட்டிங்கும் புது வெர்ஷனோட செட்டிங்கும் வேற வேறயா இருக்கு, எத வைக்கட்டும்னு கேக்குது. டி அடிச்சா வித்தியாசத்த காட்டும், பாத்துட்டு முடிவு பண்ணுங்க. புரியலன்னா என்டர் தட்டுங்க, உங்க பழையதே இருக்கும், புதுசு டிபிகேஜி-டிஸ்ட்னு முடியுற பேர்ல பக்கத்துலயே கெடக்கும். ஆர்ச்ல அது பேக்நியூ, ஃபெடோராவுல ஆர்பிஎம்நியூ.

ஸ்கூல் படிக்கிறப்ப கவர்ன்மென்ட் குடுத்த லேப்டாப், பாஸ் லினக்ஸ் இருக்கு. இதுவும் உபுண்டு மாதிரியேவா அண்ணா?

பாஸ் மத்திய அரசோட சிடாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது, அடியில டெபியன், அதனால கட்டளையெல்லாம் அதேதான். ஆனா அந்தக் காலத்து வெர்ஷன்னா அப்டேட்டுக்கு மல்லுக்கட்டாதீங்க தம்பி, புது டெபியன் ரெப்போவ பழைய பாஸ்ல சேத்து அப்கிரேட் பண்ண நினைச்சா ஒவ்வொரு ஃபைலும் இடிக்கும். ஃபைலுங்கள பென்டிரைவ்ல எடுத்துட்டு லேசான ஒரு டிஸ்ட்ரோ புதுசா போட்டுடுங்க.

ஸ்நாப், பிளாட்பேக்னு போட்டா இந்த வம்பே இல்லியாமே?

ஆமா, அதது தன் ஃபோல்டர்ல தனியா இருக்கும், ஒருத்தன் ஃபைல இன்னொருத்தன் தொட மாட்டான். ஆனா டிஸ்க்கும் டேட்டாவும் தின்னும், 128 ஜிபி எஸ்எஸ்டில யோசிச்சுப் போடுங்க. அடியில சிஸ்டம் அப்டேட் ஆப்ட்லதான் வரும், அதனால முழுசா தப்பிக்க முடியாது.

யார்கிட்டயாவது கேக்கணும்னா இன்னா அனுப்பணும்?

போட்டோ வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுறேன். டெர்மினல்ல இருக்கிறத காப்பி பண்ணி எழுத்தா அனுப்புங்க, கடைசி வரிய மட்டும் இல்ல, முதல் எரர்ல இருந்து. கூடவே எந்த டிஸ்ட்ரோ, எந்த வெர்ஷன், பிபிஏ இன்னான்னா சேத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. ரெண்டு பேக்கேஜும் டிஸ்ட்ரோவோட சொந்த ரெப்போதான்னா உபுண்டுக்கு லான்ச்பேட்ல, டெபியனுக்கு அவங்க பக் ட்ராக்கர்ல பேக்கேஜ் பேர போட்டுத் தேடுங்க, உங்களுக்கு முன்னாடியே யாராவது போட்டிருப்பாங்க. சரியான வெர்ஷன் வர்ற வரைக்கும் அந்த ஒரு பேக்கேஜ "ஆப்ட்-மார்க் ஹோல்ட்" போட்டு நிறுத்தி வைக்கலாம், அப்புறம் அன்ஹோல்ட் பண்ண மறந்துடக் கூடாது.

எல்லாம் முடிஞ்சுது, சரியாத்தான் இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

உபுண்டுல "டிபிகேஜி --ஆடிட்" அடிங்க, பாதியில நிக்கிறது எதுவும் இல்லன்னா ஒண்ணுமே சொல்லாது. அப்புறம் "டிபிகேஜி --வெரிஃபை", பேக்கேஜ் போட்ட நாள்ல இருந்து மாறிப் போன ஃபைல காட்டும், எடிசில ரெண்டு மூணு வந்தா அது நீங்க மாத்தின செட்டிங், யூஎஸ்ஆர்ல வந்தா அந்த பேக்கேஜ ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. ஃபெடோராவுல ஆர்பிஎம், கோடு, பெரிய வி சின்ன ஏ. ஆர்ச்ல பெரிய க்யூ, சின்ன கே ரெண்டு. ஃபோர்ஸ் போட்டிருந்தீங்கன்னா அன்னிக்கு இடிச்ச ஃபைலோட பழைய சொந்தக்காரனையும் ஒரு தடவ திறந்து ஓட்டிப் பாருங்க, ஓடுச்சுன்னா இப்ப ரீஸ்டார்ட் குடுக்கலாம்.